ஓதத் தெரிந்தவரும் விளங்கத் தெரிந்தவரும்

சயான், பம்பாய்
8-8-1965

ஹபீபாவுக்கு,

ஸலாம். நான் சுகம். நீயும், உன் வயிற்றில் இருப்பதும், மாமா, மாமி, ரஷீதா எல்லாரும் சுகம் என்று உன் கையெழுத்தில் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அடுத்ததை எப்போது எழுதுவாய்?

என் எழுத்தைப் பார்த்து அக்காவும் தங்கச்சியும் சிரிப்பீர்கள் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்து, காலேஜில் இங்கிலீஷ் என்று போனவன் நான். ஓதுகிற பள்ளியில் கற்றுத் தந்த அரபு எழுத்து மட்டும்தான் உனக்குத் தெரியும் என்பதால், தமிழை அந்த எழுத்தில் வலமிருந்து இடமாக எழுத இந்த வயதில் கற்றுக்கொண்டிருக்கிறேன். காயல்பட்டினத்தில் பெண் எடுத்தவனுக்கு இதுவும் ஒரு பரீட்சை.

இன்று மாட்டுங்கா மைதானத்தில் மேட்ச். மழைக்காலத்துக்கென்றே ஒரு கிரிக்கெட் வைத்திருக்கிறார்கள் இந்த ஊரில். புல் முழங்கால் உயரம். அடித்த பந்து ஓடாமல் சேற்றில் உட்கார்ந்துவிடும். என் இடது கைச் சுழல் பந்துக்கு அது தோதான தரை. இன்றைக்கு ஆறு பேரை அனுப்பி வைத்தேன். எங்கள் கேப்டன் ஜகந்நாதன் சார் தோளில் கை போட்டு, "நீ இல்லேன்னா இந்த டீமே இல்லைடா" என்றார். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர். எங்கள் கம்பெனியிலேயே கணக்கு ஆபீசில் பெரிய உத்தியோகம்.

மாமா என்னை இன்ஜினியர் மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்கிறார். உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். இன்டர்வியூவில் பைப்பைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார்கள். மிச்ச நேரமெல்லாம் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்றுதான் பேச்சு. ஆபீஸ்களுக்குள் நடக்கிற ஷீல்டை ஜெயிக்க இங்கே கம்பெனிகள் இப்படித்தான் ஆள் பிடிக்கின்றன. பந்து திரும்புகிற வரை நான் இன்ஜினியர்.

நாட்டு நடப்பைக் கேட்காதே. ரேஷனில் அரிசி கண்ணில் படுவதில்லை, அமெரிக்காக்காரன் கோதுமைதான். இந்தி வேண்டாம் என்று நம் பக்கத்துப் பையன்கள் தை மாதத்தில் உயிரை விட்டார்கள். இங்கே இந்தி பேசாவிட்டால் பால்காரன் பால் ஊற்றமாட்டான். பேசினாலோ, "மதராசி, எங்கள் வேலையைத் தின்ன வந்தாயா" என்று ரயிலில் ஒருவன் கேட்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். செம்பூரில் ஒரு ரூம் பேசியிருக்கிறேன். தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற காலனி. பிரசவம் முடிந்ததும் நீ இங்கே வந்துவிடு. நம் ஊரில் பெண் பிறந்த வீட்டை விட்டுப் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் வந்து போகவேண்டும் என்பது எனக்கும் தெரியும். வருஷத்தில் ஒரு மாதம் லீவில் வருகிறேன். மாமா எனக்கு இன்னொரு துண்டு மீன் வைக்கச் சொல்கிறார். என் பெண்டாட்டியோடு பேச நான் முற்றத்தில் ஆள் இல்லாத நேரம் பார்க்கிறேன். எனக்கு இது அலுத்துவிட்டது, ஹபீபா.

கலீலுல்லா

*

காயல்பட்டினம்
21-8-1965

மச்சான் அவர்களுக்கு ஹபீபா ஸலாம் சொல்லி எழுதுவது.

உங்கள் எழுத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. ரஷீதாதான் சிரித்தாள். அவள் பள்ளிக்கூடம் போய்த் தமிழ் எழுத்து படித்தவள், கொஞ்சம் திமிர்.

பம்பாய்க்கு வா என்று எத்தனை தடவை எழுதுவீர்கள்? ஒரு ரூம் என்கிறீர்கள். அடுப்பும் கட்டிலும் ஒரே இடத்தில். தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று நீங்களே முந்தி ஒரு கடிதத்தில் எழுதினீர்கள். உம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "நம்ம வம்சத்துல ஒரு பொம்பளை ரயில் ஏறிப் போயிருக்காளாடி?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. வாப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

உங்களுக்கு அலுத்துவிட்டது என்று எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கு மட்டும் இனிக்கிறதா? நீங்கள் ரயில் ஏறினால் உங்களுக்கு ஊர் இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது, பந்து இருக்கிறது. நான் அடுத்த லீவு வரைக்கும் தலையணையோடு பேசிக்கொண்டிருக்கிறேன். இதை வேறு யாரும் வாசிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

பிள்ளை நன்றாக உதைக்கிறது. இடது பக்கம்தான் உதைக்கிறது. உங்கள் பிள்ளைதான், சந்தேகம் வேண்டாம்.

ஒரு சந்தேகம் மட்டும். ஸில்லி பாயிண்ட் என்று ஓர் இடம் முன்னொரு தடவை எழுதினீர்களே, அது எங்கே இருக்கிறது? அடிக்கிற ஆளுக்கு அத்தனை பக்கத்தில் போய் நின்றால் மண்டையில் படாதா? பதினொரு பேரும் எங்கெங்கே நிற்பீர்கள், நீங்கள் எங்கிருந்து ஓடி வருவீர்கள் என்று ஒரு படம் போட்டு, பக்கத்திலேயே பேர் எழுதி அனுப்புங்கள். படம் போடுகிற உத்தியோகம்தானே பார்க்கிறீர்கள். வாப்பா ரேடியோவில் கிரிக்கெட் சொன்னால் நானும் விளங்கின மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

ஹபீபா

*

காயல்பட்டினம்
24-9-1965

மச்சான்,

இது நான் போடுகிற மூன்றாவது கடிதம். பதில் இல்லை. பாகிஸ்தானோடு சண்டை நின்றுவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். பம்பாயில் ராத்திரி விளக்கே போடுவதில்லை, சங்கு ஊதினால் கட்டிலுக்குக் கீழே போகவேண்டும் என்று கடைக்கு வந்த யாரோ வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உம்மா தன் கையிலிருந்த ஒரு ஜோடி வளையலைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்துவிட்டாங்க. "என் மருமவன் இருக்கிற ஊருல குண்டு விழக்கூடாது" என்று சொல்லிக் கொடுத்தாங்க.

படம் போட நேரம் இல்லை என்றால் வேண்டாம். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி போதும்.

ஹபீபா

*

சயான், பம்பாய்
5-10-1965

அன்புள்ள ஹபீபாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உனக்கு வாசிக்க வராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மாமா அவர்கள் தயவுசெய்து வாசித்துக் காட்டவும். இனிமேல் எனக்கு அரபு எழுத்தில் எழுதாதே. நானும் எழுதமாட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், யாரும் பதற வேண்டாம். இப்போது வெளியே இருக்கிறேன்.

நீ கேட்ட படத்தை நான் போட்டேன். சண்டை ஆரம்பித்த அந்த வாரம், சாப்பாட்டு நேரத்தில், என் மேஜையிலேயே போட்டேன். கைக்குக் கிடைத்தது ஆபீஸ் டிரேசிங் பேப்பர். தொழில் புத்தி விடுமா? மைதானத்தை அளவெடுத்த மாதிரி முட்டை வடிவத்தில் போட்டு, பதினொரு புள்ளி வைத்து, பந்து போகிற வழிக்கெல்லாம் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் உனக்காக அரபு எழுத்தில் பேர் எழுதினேன். கடிதத்தோடு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வெளியே வந்தேன். டிராயிங் ஆபீசிலிருந்து முத்திரை இல்லாமல் ஒரு துண்டுப் படம்கூட கேட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தை எனக்குக் கீழே இருக்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவனே நான்தான். கிரிக்கெட் படம் அந்தக் கணக்கில் வராது என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் கம்பெனி டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்குப் பைப் போடுகிறது. சுற்றி அணு உலை வரைக்கும் என்னென்ன இருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியும். காவல்காரன் என் பையைத் தடவினான், பேப்பரை விரித்தான். ஒரு முட்டை வடிவம், புள்ளிகள், அம்புகள், அரபு எழுத்து. அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

போலீசில் இது தமிழ் என்று சொன்னேன். சிரித்தார்கள். தமிழுக்குத் தனி எழுத்து இருப்பது எங்களுக்குத் தெரியாதா என்றார்கள். வடக்கத்தி மௌலவி ஒருவரைக் கூட்டி வந்து வாசிக்கச் சொன்னார்கள். எழுத்து தெரிந்த எழுத்து, அதனால் வாசித்தார். தமிழுக்காக நாம் கூடுதல் புள்ளி வைக்கிற எழுத்துகளில் மட்டும் முழித்தார். வாசித்து முடித்து, "ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் இல்லை, உருதுவும் இல்லை, அரபியும் இல்லை" என்றார். உண்மையைத்தான் சொன்னார். அதற்கு மேல்தான் எனக்குக் கஷ்டகாலம். அர்த்தம் இல்லாத எழுத்து என்றால் சங்கேதம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

தாராவியில் தோல் வியாபாரம் செய்கிற நம் ஊர் அப்துல் ரவூப் காக்கா, நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று ஓடி வந்தார். நீயும் அந்தக் கூட்டமா என்று அவரையும் ஒரு நாள் உட்கார வைத்தார்கள். கடைசியில் ஜகந்நாதன் சாரைக் கூப்பிட்டார்கள். தமிழ்க்காரர், பெரிய உத்தியோகஸ்தர், சாட்சிக்கு அவரைவிட யார் வேண்டும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இந்த எழுத்து தெரியாது. தமிழ்னு இவன் சொல்றான், என்னால சொல்ல முடியாது" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

திங்கட்கிழமை தோறும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், ஊரை விட்டுப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நான் குற்றமற்றவன் என்று போலீஸ் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் ஆபீசுக்குள் கால் வைக்கக் கூடாதாம். யார் எழுதிக் கொடுப்பார்கள்?

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. படம் கேட்டாய், போட்டேன்.

கலீலுல்லா

*

காயல்பட்டினம்
17-10-1965

மச்சான் அவர்களுக்கு,

இதை ரஷீதா எழுதுகிறாள். சொல்லச் சொல்ல எழுது, உன் புத்திசாலித்தனத்தை நடுவில் சேர்க்காதே என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

வாப்பா உங்கள் கடிதத்தை வாசித்து முடித்து, மடித்து என் கையில் கொடுத்தார்கள். உம்மா தன் வெறுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாங்க. நான் அழுதேன், அப்புறம் கோபம் வந்தது, அப்புறம் யோசித்தேன். என் பைத்தியக்கார ஆசைக்காகப் போட்ட படம். உங்களுக்கு என் மேல் கோபம் இல்லை என்றால் அது உங்கள் பெரிய மனசு. எனக்கு என் மேல் இருக்கிறது.

சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நாங்கள் இங்கே பெண்பிள்ளைகள் எல்லாரும் குர்ஆன் ஓதுகிறோம். எனக்கு அரபி தெரியுமா? ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் பிழையில்லாமல் ஓதுவேன். அரபி தெரிந்த ஒருவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டால் அவருக்கு எல்லாம் விளங்கும். எழுத்து தெரியாத குருடராக இருந்தாலும் விளங்கும்.

அந்த மௌலவிக்கு ஓதத் தெரியும், விளங்காது. உங்கள் ஜகந்நாதன் சாருக்குத் தமிழ் விளங்கும், அந்த எழுத்தை ஓதத் தெரியாது. போலீசார் இவரை ஒரு நாள் கேட்டார்கள், அவரை ஒரு நாள் கேட்டார்கள். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். மௌலவி வாசிக்கட்டும், ஜகந்நாதன் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். நம் ஆள் யாரும் பக்கத்தில் போக வேண்டாம்.

அந்தக் கடிதத்தில் எனக்கு என்ன எழுதியிருந்தீர்களோ தெரியாது. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதைப் பத்துப் பேருக்கு நடுவில் வாசிப்பார்களே என்று வெட்கப்படாதீர்கள். நான் வெட்கப்படவில்லை. வாசிக்கட்டும். ஜகந்நாதன் சார் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். ரோஷம் பார்க்காதீர்கள்.

ஹபீபா

*

சயான், பம்பாய்
7-11-1965

ஹபீபாவுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். செய்வதற்கு முன்னால் ஒரு வாரம் ரோஷம் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் ஜகந்நாதன் சார் வீட்டுக் கதவைத் தட்டியபோது அவரே வந்து திறந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கிற வரை வாசலிலேயே நின்று கேட்டார். "இது எனக்கு ஏன் தோணலை?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

மௌலவியைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு இதில் நம்பிக்கை இல்லை, வேடிக்கை பார்க்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். மௌலவி திக்கித் திக்கி ஆரம்பித்தார். முதல் வரியில் ஜகந்நாதன் சார் நெற்றியைச் சுருக்கினார். இரண்டாவது வரியில், "ஹபீபா, நீ கேட்ட படம் இதோடு இருக்கிறது" என்று அவர் வாயிலிருந்து தமிழாக வந்தது. அதை மராத்தியில் இன்ஸ்பெக்டருக்குச் சொன்னார்.

அப்புறம் மௌலவி படத்திலிருந்த பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மிட் ஆன், ஸ்லிப், ஃபைன் லெக். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் மராட்டிக்காரர், ஊரில் விக்கெட் கீப்பராம். "ஸ்கொயர் லெக்கை இவ்வளவு தூரமாகவா நிறுத்துவாய்?" என்று என்னைக் கேட்டார். இரண்டு மாதத்தில் ஒரு போலீஸ்காரர் என்னிடம் கேட்ட முதல் ஒழுங்கான கேள்வி அது.

ஸ்லிப் என்ற புள்ளிக்குப் பக்கத்தில் உனக்காக ஒன்று எழுதியிருந்தேன். "இங்கே நிற்பவர் ஜகந்நாதன் சார். வருகிற பந்தைப் பிடிக்கமாட்டார், வழியனுப்பி வைப்பார்." அதை அவரே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. மொழிபெயர்த்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

கடைசிப் பக்கத்தில்தான் எல்லாம் நின்றது. அதில் நான் எழுதியிருந்தது இது. சண்டை வந்த நாளிலிருந்து ஆபீசில் என் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பாட்டு டப்பா திறப்பதில்லை, ஜகந்நாதன் சாரும் வேறு மேஜைக்குப் போய்விட்டார், கேட்டால் வயிறு சரியில்லை என்கிறார், எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே ஆள் அவர்தான் என்று எழுதியிருந்தேன். மௌலவிக்கு அர்த்தம் தெரியாததால் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனார். ஜகந்நாதன் சார் பேசாமல் இருந்தார். என்ன எழுதியிருக்கிறான் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "பெண்டாட்டிக்கு எழுதின சொந்த விஷயம்" என்றார். அந்தப் பத்தியை அவர் மராத்தியில் சொல்லவே இல்லை.

போலீஸ் எழுதிக் கொடுத்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு மறுநாளே ஆபீசுக்கு ஓடினேன். மானேஜர் கை குலுக்கினார், மிகவும் வருந்துவதாகச் சொன்னார். ஆனால் சுத்திகரிப்பு ஆலைக்குள் போக எனக்கு இனி பாஸ் தரமாட்டார்களாம். பாஸ் இல்லாத இன்ஜினியரை வைத்து என்ன செய்வது என்று என்னையே கேட்டார். போன மாதமே இன்னொரு இடது கைப் பந்துக்காரனை எடுத்துவிட்டார்கள் என்பது வெளியே வந்த பிறகு தெரிந்தது. அவனுக்கும் பைப்பைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டிருப்பார்கள்.

உன் புத்தியால் என் பேர் பிழைத்தது, வேலை பிழைக்கவில்லை. எனக்கு இங்கே ஒன்றும் இல்லை இப்போது. பிரசவத்துக்கு ஊருக்கு வருகிறேன். மாமா ஒரு வார்த்தை எழுதினால் உடனே கிளம்புவேன்.

கலீலுல்லா

*

காயல்பட்டினம்
20-11-1965

மச்சான் அவர்களுக்கு,

நலம். இதை வாப்பா பக்கத்தில் இருந்து சொல்ல, ரஷீதா எழுதுகிறாள்.

ரஷீதாவுக்குக் கீழக்கரையில் நல்ல இடம் பேசியிருக்கிறது. நீங்கள் போலீசில் இருந்த செய்தி அவர்கள் காது வரைக்கும் போய்விட்டது. விடுதலையான செய்தி அந்த வேகத்தில் போகவில்லை. மூத்த மாப்பிள்ளை எங்கே, என்ன செய்கிறார் என்று கேட்கிறார்கள். வேலையும் இல்லாமல் நீங்கள் இப்போது வந்து வீட்டில் இருந்தால் பேச்சு முறிந்துவிடும் என்று வாப்பா நினைக்கிறார்கள். நிக்காஹ் நோன்புக்கு அப்புறம்தான். அது முடிகிற வரைக்கும் நீங்கள் ஊருக்கு வர வேண்டாம் என்பது வாப்பாவின் சொல்.

பிரசவத்தை உம்மா பார்த்துக்கொள்வாங்க.

எழுதுகிறபோது ரஷீதா அழுகிறாள். மை கலைந்திருந்தால் அதனால்தான். நான் வேறு ஒன்றும் சொல்ல முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஹபீபா

*

சயான், பம்பாய்
2-12-1965

ஹபீபாவுக்கு,

மாமா வாசிக்கட்டும். எல்லாவற்றையும் வாசிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனேன். உள்ளே போகவில்லை, ரோட்டோரம் நின்றேன். புதுப் பையன் பந்து போடுகிறான். பந்து திரும்பவில்லை, ஆனாலும் எல்லாரும் கை தட்டுகிறார்கள். எனக்கும் இப்படித்தான் தட்டினார்கள். ஜகந்நாதன் சார் என்னைப் பார்த்துவிட்டு ஆட்டத்தை விட்டு வந்தார். வீட்டுக்கு வா, சாப்பிடு என்றார். அவர் மேல் கோபம் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். சோறு என்றதும் பொங்கிக்கொண்டு வந்தது. "எந்த மேஜையில சார் உட்காரணும்?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார். கேட்டிருக்க வேண்டாம்.

சோற்றுக்குத் தாராவியில் அப்துல் ரவூப் காக்கா இருக்கிறார். திங்கட்கிழமை ராத்திரி நாட்டுக்காகப் பட்டினி கிடக்கப் பிரதமர் சொல்லியிருக்கிறார் அல்லவா, அன்றைக்கு ஹோட்டல்கள் அடைப்பு. காக்கா ரகசியமாகச் சோறு வைத்தார். நான் சாப்பிடவில்லை. என்னைச் சந்தேகப்பட்ட நாட்டுக்காக நான் பட்டினி கிடக்கிறேன் என்று அவர் திட்டினார். வேறு எந்த நாட்டுக்காகக் கிடப்பது, ஹபீபா? எனக்கு இருப்பது இது ஒன்றுதானே.

காக்கா கடைக்கு எதிரே டீக்கடையில் ரேடியோ. ரஞ்சி மேட்ச் சொல்கிறான். விக்கெட் விழுந்தால் கத்துகிற ஆள் நான், உனக்குத் தெரியும். இப்போது கத்துவதற்கு முன்னால் யோசிக்கிறேன். கத்தினால் நடிக்கிறான் என்பார்கள். கத்தாவிட்டால் பார்த்தாயா என்பார்கள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறேன். கிரிக்கெட் கேட்கக்கூடத் தைரியம் இல்லாதவனாக ஆகிவிட்டேன்.

இங்கே கேட்டில் நிறுத்தினார்கள், சரி, அவர்களுக்கு என்னைத் தெரியாது. என்னை உட்கார வைத்து மீன் வைத்த வீட்டில் வராதே என்கிறார்கள். இதற்கு நான் யாரை மௌலவியாக வைத்து, யாரை மொழிபெயர்க்கச் சொல்வது?

நேற்று சயான் ஸ்டேஷனில் பிளாட்பாரத்து முனையில் ரொம்ப நேரம் நின்றேன். வண்டி வந்தது, போனது. ஏறுவதற்காக நான் நிற்கவில்லை. ஒரு போர்ட்டர் கையைப் பிடித்து இழுத்து பெஞ்சில் உட்கார வைத்தான். மாமா, இந்த வரியை விட்டுவிடாமல் வாசித்துக் காட்டுங்கள்.

மாதக் கடைசியில் ரூமைக் காலி செய்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு விலாசம் கிடையாது. பிள்ளை பிறந்தால் ஜகந்நாதன் சாருக்கு ஒரு வரி போடு. மாட்டுங்கா விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். பெண்ணாக இருந்தால் ரயில் ஏறப் பழக்கு.

கலீலுல்லா

*

காயல்பட்டினம்
14-12-1965

மச்சான்,

இது என் கையெழுத்து. எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்ன அதே எழுத்து. எனக்கு வேறு எழுத்து தெரியாது, எழுதித் தர ஆளும் இல்லை. வழியில் யார் பிரித்தாலும் பிரிக்கட்டும். இதே கடிதத்தை உங்கள் ரூமுக்கு ஒன்று, ஜகந்நாதன் சார் வீட்டுக்கு ஒன்று என்று இரண்டாக எழுதிப் போடுகிறேன். விலாசங்களை உங்கள் கடிதத்தைப் பார்த்துப் படம் போடுகிற மாதிரி வரைந்திருக்கிறேன். அவருக்கு வாசிக்க வராது என்பதால் அப்துல் ரவூப் காக்காவைத் தேடிப் போய் வாசிக்கச் சொல்வார். உங்களைத் தேடியும் போவார். அந்தப் பத்தியை வெளியே சொல்லாத மனுஷர் இதைச் செய்வார்.

உங்கள் கடிதத்தை வாப்பா வாசித்தார்கள். ஸ்டேஷன் வந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார்கள், அப்புறம் ரூமைக் காலி செய்வதற்குத் தாவிவிட்டார்கள். எனக்கு ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. வாப்பா கடைக்குப் போனதும் ரஷீதாவை எடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் அந்த வரியை வாசித்தாள்.

வாப்பா சாப்பிட வந்தபோது கேட்டேன். "வாப்பா, இது யாரு வீடு?" அவர்களுக்கு விளங்கவில்லை. "என் நிக்காஹ் அன்னைக்கு யாரு பேருக்கு எழுதினீங்க?" என்று திரும்பக் கேட்டேன். காயலில் எல்லாப் பெண்ணுக்கும் வீட்டை எழுதி வைப்பதுதான், யாரும் அதைப் பிறகு பேசுவதில்லை. நான் பேசினேன். "என் பேருக்கு. என் வீட்டுக்கு என் மாப்பிள்ளை வருவாங்க. கீழக்கரைக்காரங்க கேட்டா ஹபீபா வீட்டுல ஹபீபா மாப்பிள்ளை இருக்காங்கன்னு சொல்லுங்க. பொறுக்கலேன்னா நிக்காஹை வேற வீட்டுல வச்சுக்கட்டும்."

உம்மா வாயைப் பொத்திக்கொண்டாங்க. வாப்பா சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். என்னை அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். "சரிம்மா, உன் வீடுதான்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்கள்.

மறுநாளே உம்மாவையும் ரஷீதாவையும் கூட்டிக்கொண்டு பெரிய மாமி வீட்டுக்குப் போய்விட்டார்கள். நிக்காஹ் அங்கே நடக்குமாம். பிரசவம் முடிகிற வரைக்குமாவது இருக்கிறேன் என்று உம்மா கெஞ்சினாங்க. வாப்பா கேட்கவில்லை. ரஷீதா தன் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் நிக்காஹ் என்னால் நின்றால் அந்தப் பாவம் என்னுடையது. தெரிந்துதான் செய்தேன். அவள் எனக்கு எழுதிக் கொடுத்தவள், வாசித்துக் கொடுத்தவள். அவள் முகத்தை நினைத்தால் தாங்க முடியவில்லை. உங்கள் வரியை நினைத்தால் அதையும் தாங்க முடியவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் நான் பிடிக்க முடிந்தது.

இப்போது இத்தனை பெரிய வீட்டில் நானும் வயிற்றுப் பிள்ளையும்தான். மருத்துவச்சி காலையில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். நோன்புக்கு முன்னாலேயே ஆகிவிடும் என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். ராத்திரியெல்லாம் விளக்கை அணைக்காமல் படுத்திருக்கிறேன்.

வேலை இல்லை என்று யோசிக்காதீர்கள். நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்பதைச் சேர்ந்து கேட்போம். அந்தப் பிளாட்பாரத்தில் எதற்கு நின்றீர்கள் என்று என் ஆயுசுக்கும் கேட்கமாட்டேன். மதராஸ் வண்டி எதுவாக இருந்தாலும் ஏறுங்கள்.

ஹபீபா